செதில் உதிரும் முன்

ஆகஸ்ட் 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. உங்கள் அண்ணனுக்குச் சளி விட்டது, எனக்கு முழங்கால் வலி விடவில்லை; மற்றபடி சுகம். அங்கே உங்கள் இருவருக்கும் புது வீடும் புதுத் தண்ணீரும் ஒத்துக்கொண்டதா?

நீங்கள் கல்யாணமாகிப் போய் மூன்று மாதம் ஓடிவிட்டது. முதலில் தோட்டத்துக்குள் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பன்னிரண்டு வருடம் அது உங்கள் இடம். துணி காயப்போடப் போனாலும் "அண்ணி, பாத்தியை மிதிக்காதீங்க" என்று ஜன்னலிலிருந்து குரல் வரும். இப்போதும் அது காதில் கேட்கிறது. கால் தானாக ஓரத்தில் போகிறது. ஆனால் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமே. பேக்கரியிலிருந்து மதியம் வந்ததும் அங்கேதான் கிடக்கிறேன்.

பருவம் முடிகிற மாதிரி இருக்கிறது. வெண்டை முற்றி நாராகிவிட்டது. தக்காளியில் அடி இலையெல்லாம் மஞ்சள். என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள்.

ஒரு சேதி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சுவரில் ஏறியிருக்கிறதே உங்கள் கொடி, இலையெல்லாம் ஓட்டை ஓட்டையாக, அதில் காய் இருக்கிறது. இரண்டு. சோளக்கதிர் மாதிரி ஒரு சாணுக்கு மேல் நீளம், பச்சை நிறம், உடம்பு முழுக்கச் செதில். ஒட்டடை அடிக்கப் போனபோதுதான் பார்த்தேன். உங்கள் அண்ணன் ரயில் நிலையத்தில் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிவிட்டார். நல்லவேளை, அறிவிப்பு அறையில் உட்கார்ந்துகொண்டு ஒலிபெருக்கியில் சொல்லவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அண்ணி


ஆகஸ்ட் 16

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அண்ணனுக்குச் சளி பிடித்தால் ராத்திரி மோர் கொடுக்காதீர்கள், அவருக்கு ஒத்துக்கொள்ளாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இங்கே மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். ஒரு தொட்டி வைக்கலாம் என்றேன். "நாள் முழுக்க நர்சரியில செடிதான் பாக்குறேன், வீட்டுலயுமா" என்கிறார் இவர். அவர் சொல்வதும் நியாயம்தான். திரைச்சீலை தைத்துக்கொண்டிருக்கிறேன். துணியில் பூப்போட்டிருந்தால் அதுதான் எனக்குத் தோட்டம்.

தக்காளியை இப்போது பிடுங்கவே கூடாது. மஞ்சள் இலையை மட்டும் கிள்ளிவிட்டு, தண்ணீரைக் குறையுங்கள். வெண்டையில் நாலு காயைச் செடியிலேயே காயவிடுங்கள், விதைக்கு. பாத்தி ஓரம் நான் பதித்த கல் வரிசையைத் தொடாதீர்கள்.

அந்தக் கொடியை ஒற்றை இலைத் தண்டாக வாங்கி வந்து வைத்தேன். ஒன்பது வருடம் சாம்பல் போட்டேன், சுவருக்குச் சாக்கு நனைத்துக் கட்டினேன், இலை துடைத்தேன். ஒரு மொட்டு காட்டியதில்லை. நான் படி இறங்கிய பிறகு இரண்டு காய். சரி. எனக்குக் காட்டாத முகத்தை உங்களுக்குக் காட்டியிருக்கிறது. சந்தோஷம்.

அண்ணனுக்கு என் அன்பு.

நாத்தனார்


ஆகஸ்ட் 30

அன்புள்ள நாத்தனாருக்கு,

நீங்கள் நலம் என்று எழுதியது பார்த்து நிம்மதி. எங்கள் நலத்துக்குக் குறைவில்லை.

உங்கள் கடிதம் ஒரு வாரம் முன்னால் வந்திருக்கக்கூடாதா? தக்காளியைப் பிடுங்கிவிட்டேன். வேரோடு பிடுங்கி, காயோடு கொட்டகையில் தலைகீழாகத் தொங்கவிட்டால் பழுக்கும் என்று பேக்கரிக்கு வருகிற ஒரு அம்மா சொன்னார். அப்படியே செய்தேன். கொட்டகை முழுக்கச் சிவப்பு விளக்கு கட்டின மாதிரி இருக்கிறது. அந்த இடத்தில் முள்ளங்கி விதைத்தேன். கல் வரிசை கொஞ்சம் இடைஞ்சலாக இருந்ததால் எடுத்துச் சுவரோரம் அடுக்கியிருக்கிறேன். ஒரு கல்லும் தொலையவில்லை.

கடைசிக் கத்தரிக்காயை வதக்கி வைத்தேன். உங்கள் அண்ணன் சாப்பிட்டுவிட்டு, "இந்த வருஷம் கசப்பே இல்லையே" என்றார்.

அந்தச் செதில் காயைப் பற்றித்தான் குழப்பம். பக்கத்து வீட்டுக்காரர், அது பழம்தான், சாப்பிடலாம், எங்கேயோ படித்தேன் என்கிறார். எப்போது பறிப்பது, எப்படிச் சாப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டிலேயே ஒரு நர்சரிக்காரர் இருக்கிறார். கேட்டு எழுதுங்களேன்.

அண்ணி


செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. ஒரு விடுதிக்கு மொத்தமாகத் திரைச்சீலை. கழுத்து நிமிர நேரமில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் முழங்கால் எப்படி?

வெண்டை விதை: காய் செடியிலேயே காய்ந்து வெடிக்க வேண்டும். அவசரப்பட்டுப் பறித்தால் முளைக்காது. விதையை நிழலில் உலர்த்தித் துணியில் முடிந்து வையுங்கள். அவரைப் பந்தலைக் கலைக்கும்போது கயிற்றை அறுக்காதீர்கள், அவிழுங்கள், நல்ல கயிறு. காய்ந்த தழையை எரிக்காமல் மூலையில் குவித்தால் உரமாகும். கத்தரி வேரில் முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பாத்தியில் அடுத்த வருடம் கத்தரி வேண்டாம்.

தக்காளி வைத்த மண்ணில் உடனே முள்ளங்கி போட்டிருக்கிறீர்கள். மண்ணுக்கும் மூச்சுவிட நேரம் வேண்டும். போட்டாகிவிட்டது, இனி என்ன.

கத்தரியில் கசப்பு எந்த வருடமும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அண்ணன் என்னிடம் சொன்னதில்லை.

நாத்தனார்


செப்டம்பர் 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

வேலை அவ்வளவு இருக்கும்போதும் அத்தனை குறிப்பு எழுதியதற்கு நன்றி. கயிற்றை அவிழ்த்துவிட்டேன், இரண்டு நகம் போயிற்று. வேறு நோவில்லை. நீங்கள் கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

செதில் காயைப் பற்றி எழுத மறந்துவிட்டீர்கள். உங்கள் அண்ணன் பிறந்தநாள் அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு வருகிறது இல்லையா? அன்றைக்கு ஒன்றை வெட்டலாம் என்று இருக்கிறோம். அதற்குள் ஒரு வரி எழுதிப்போடுங்கள். ஒன்றும் எழுதாவிட்டால் பயமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணி


அக்டோபர் 5

அன்புள்ள அண்ணிக்கு,

இருவரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்களும் அப்படியே.

அண்ணன் பிறந்தநாளுக்குச் சட்டை தைத்து இதனுடன் அனுப்பியிருக்கிறேன். அளவு கேட்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும். கழுத்து மட்டும் அரை விரல் கூட வைத்திருக்கிறேன். மேல் பொத்தானைப் போட்டால் குரல் வராது என்று எப்போதும் திறந்தே வைத்திருப்பார். முதல் தண்ணீரில் சாயம் போகலாம், தனியாகத் துவையுங்கள்.

காயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தோட்டம் இப்போது உங்களுடையது. உங்களுக்குத் தெரியாததா.

அண்ணனுக்கு என் வாழ்த்து.

நாத்தனார்


அக்டோபர் 18

நாத்தனாருக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க முடியவில்லை. பயப்படாமல் படியுங்கள். உங்கள் அண்ணன் இப்போது வீட்டில் இருக்கிறார், கஞ்சி குடிக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கச்சிதமாக இருந்தது. பழத்தை வெட்டினேன். கத்தி இறங்க மறுத்தது. உள்ளே வெளுப்பாக, மரவள்ளிக் கிழங்கு மாதிரி. "இன்னும் ரெண்டு நாள் வைக்கலாமா" என்றேன். "பிறந்தநாள் இன்னைக்குத்தான்டி" என்றார். நான் வாயில் வைக்கப்போன துண்டை வாங்கி, "முதல் வாய் எனக்கு, ஒன்பது வருஷம் என் தங்கச்சி பட்ட பாடு இது" என்று நன்றாகக் கடித்து மென்று விழுங்கிவிட்டார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "ஊசி மாதிரி குத்துது" என்றார். அப்புறம் பேச்சு இல்லை. உதடு தடித்தது, நாக்கு வாயை அடைத்தது, எச்சில் ஒழுகியது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினோம். டாக்டர் மீதித் துண்டைப் பார்த்துவிட்டு, "இதை யாரு சாப்பிடச் சொன்னது" என்று என்னைத்தான் கேட்டார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. வீக்கம் வற்றிவிட்டது. குரல் வரவில்லை. காற்று மட்டும் வருகிறது. வருமா என்று கேட்டால், பொறுத்துப் பாருங்கள் என்கிறார்கள். ரயில் நிலையத்தில் அறிவிப்புக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

கட்டிலில் கண் திறந்ததும் சைகையில் பேனா கேட்டார். அவர் என்ன எழுதப்போகிறார் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "தங்கச்சிக்கு எழுதாதே. பயந்துடுவா." அதுதான் எழுதினார். அவருடைய இன்னொரு கை என் கைக்குள் இருந்தது. ராத்திரி முழுக்க நான் பயந்து நடுங்கிக்கொண்டிருந்தது அவர் கண்ணில் படவில்லை.

எழுதாதே என்றார். எழுதிவிட்டேன்.

அண்ணி


அக்டோபர் 28

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் நாத்தனாரின் கணவர் வணக்கத்துடன் எழுதுவது. மச்சானின் உடல்நிலை இப்போது தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து இவள் சரியாகச் சாப்பிடவில்லை. தையல் மெஷின் மூடிக் கிடக்கிறது. புறப்படு, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றால் அழுகிறாள். நீங்கள் ஒரு வரி ஆறுதலாக எழுதினால் நல்லது.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. செப்டம்பரிலேயே அந்தக் காயைப் பற்றி என்னைக் கேட்டாள். எங்கள் நர்சரியில் அந்தக் கொடி நிறைய இருக்கிறது, அதனால் விவரமாகச் சொன்னேன். பூத்துப் பழுக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். செதில் தானாக உதிர்ந்தால்தான் சாப்பிட வேண்டும். அதற்கு முன் வாயில் வைத்தால் முள்ளாகக் குத்தும். அன்றைக்கே உங்களுக்கு எழுதச் சொன்னேன். எழுதிப் போட்டுவிட்டதாகச் சொன்னாளே. அந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைக்கவில்லையா? தபால்காரர்களை நம்பி எதுவும் செய்ய முடிவதில்லை.

மச்சானுக்கு என் விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் தம்பி போன்றவன்


நவம்பர் 10

நாத்தனாருக்கு,

உங்கள் அண்ணன் இட்ட பணியாக இதை எழுதுகிறேன்: அவர் நன்றாக இருக்கிறார், நீங்கள் சாப்பிட வேண்டும். கரகரவென்று கொஞ்சம் குரல் வருகிறது. தவறவிட்ட சாமான்கள் கொடுக்கும் இடத்தில் அவரை உட்கார வைத்திருக்கிறார்கள். குடை, பை, ஒற்றைச் செருப்பு எல்லாம் எடுத்துக் கொடுக்கிறார். வேறு ஒருத்தர் குரலில் ரயில் வருவதைக் கேட்டுக்கொண்டு இருக்கிறார்.

மாப்பிள்ளை எழுதியிருந்தார். நல்ல மனிதர். கடிதம் தபாலில் தவறிப்போயிருக்கும் என்று அவருக்குப் பதில் போட்டுவிட்டேன். உங்கள் அண்ணனுக்கு அவர் கடிதத்தைக் காட்டவில்லை, நீங்கள் சாப்பிடாததை மட்டும் சொன்னேன்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அப்படியானால் அந்தக் கொடி பூத்தது போன வருடக் கடைசியில். அப்போது நீங்கள்தான் இங்கே இருந்தீர்கள். தொட்டிக்குப் பின்னால் என்பதால் பார்க்கவில்லை. அது என் கைக்குக் காய்க்கவில்லை. தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது காய் இன்னும் கொடியில் இருக்கிறது. வெட்டிக் குப்பையில் போடச் சொல்கிறார் உங்கள் அண்ணன். போடவில்லை.

அண்ணி


நவம்பர் 19

அண்ணி,

தபாலில் எதுவும் தவறவில்லை.

செப்டம்பர் கடிதத்தில் இவர் சொன்னதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். கொட்டகையில் சிவப்பு விளக்கு கட்டின மாதிரி என்று நீங்கள் எழுதியிருந்தது நினைவுக்கு வந்தது. கசப்பே இல்லை என்று அண்ணன் சொன்னது வந்தது. பேனாவை வெண்டை விதைக்குத் திருப்பிவிட்டேன். நீங்கள் ஒரு துண்டு கடித்து, வாய் குத்தி, காறித் துப்பி, "இந்தக் கொடி எதுக்கும் லாயக்கில்லை" என்று சொல்ல வேண்டும். இங்கே உட்கார்ந்து அதை நினைத்துப் பார்க்க நன்றாக இருந்தது. இப்படி வீங்கும், குரல் போகும் என்று தெரியாது. முதல் வாய் அண்ணன் வைப்பார் என்றும் நினைக்கவில்லை. உங்களை நினைத்துத்தான் எழுதாமல் விட்டேன்.

அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொன்னால் அழுது கெடுத்துவிடுவேன்.

அந்தக் காய்க்கு: காம்புப் பக்கம் செதில் தானாக விரிசல் விடும்போது பறித்து, காகிதத்தில் சுற்றி, ஒரு குவளையில் நிறுத்தி வையுங்கள். ஒரே நாளில் பழுக்காது. காம்பிலிருந்து நுனி வரை தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் செதில் கொட்டும். கொட்டின இடம் மட்டும்தான் பழம். ஒட்டிக்கொண்டிருப்பதைத் தொட வேண்டாம். இந்தத் தடவை இதை எழுதிவிட்டேன்.

உங்கள் நலம் கேட்க எனக்கு வாயில்லை.

நாத்தனார்


ஜனவரி 3

நாத்தனாருக்கு,

நான் நலம்தான். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லி வைக்கிறேன்.

பதில் எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். அவர் வாயில் குத்திய ஊசி எனக்கு வைத்தது என்று படித்ததும் பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டுத் தேய்த்தேன். உங்கள் அண்ணன், "யார் மேல கோபம்" என்றார். "முழங்கால் மேல" என்றேன்.

தலைகீழாகத் தொங்கவிட்ட தக்காளியில் பாதிக்கு மேல் அழுகி, கொட்டகையே நாறியது. அதை உங்களுக்கு எழுதவில்லை. கத்தரிக்காயைச் சாப்பிட்டவர், "கசப்பே இல்லையே" என்று சொன்னது நிஜம். அதற்கு அடுத்த வரி, "தங்கச்சி வெச்ச செடியாச்சே" என்பது. அதையும் எழுதவில்லை. நீங்கள் படித்து வயிறெரிய வேண்டும் என்றுதான் அப்படி எழுதினேன். எரிந்திருக்கிறது.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்காக என்று நினைக்க வேண்டாம். சொன்னால் ஒரே நிமிடத்தில் உங்களை மன்னித்துவிடுவார், "பாவம், அவளுக்கு அங்கே ஒரு பிடி மண்கூட இல்ல" என்பார். அதை நான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். என்னால் முடியாது.

நேற்று காம்புப் பக்கம் விரிசல் விட்டது. பறித்துச் சுற்றிக் குவளையில் நிறுத்தியிருக்கிறேன். இன்று காலை நாலு செதில் காகிதத்தில் கிடந்தது. சமையலறை முழுக்க ஒரு வாசனை. தினம் கொஞ்சம்தான் பழுக்கும் என்கிறீர்களே, கடிதம் கண்டதும் கிளம்பினால் நுனிப் பக்கமாவது மிச்சமிருக்கும். நான் இன்னும் வாயில் வைக்கவில்லை. முதல் துண்டு நீங்கள் சாப்பிட வேண்டும். நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அண்ணி


ஜனவரி 24

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீ நல்லபடியாக வீடு சேர்ந்ததற்கு உன் அண்ணிக்குத்தான் கடிதம் வந்தது. எனக்கு அவள் வாயால் சேதி. மாப்பிள்ளை சுகமா? என் தொண்டைக்கு ஒன்றுமில்லை. போன திங்கட்கிழமை மறுபடி மைக்கின் முன்னால் உட்கார்ந்தேன். குரல் முன்னைவிடக் கனத்துவிட்டது. ஒரு பயணி எட்டிப் பார்த்து, "புது ஆளா? பழைய ஆளுக்கு இது தேவலை" என்றார். இருபது வருடம் கத்தியதற்குக் கிடைத்த மரியாதை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். நீ இங்கே இருந்த ஐந்து நாளும் இரண்டு பேரும் தோட்டத்திலேயே இருந்தீர்கள். அந்தப் பழத்தை நான் தொடமாட்டேன்தான். அதற்காக என்னை ஒரு பேச்சுக்குக்கூடக் கூப்பிடக் கூடாதா? ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நீ ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டு வாயைத் திறந்து அவளுக்குக் காட்டினாய், டாக்டரிடம் காட்டுகிற மாதிரி. அப்புறம் அவளும் சாப்பிட்டாள். "அன்னாசி மாதிரி ஆரம்பிச்சு வாழைப்பழமா முடியுது" என்றாய் நீ. "இல்ல, நடுவுல பலாவும் எட்டிப் பாக்குது" என்றாள் அவள். அதற்கு ஒரு சண்டை. சண்டை நடுவில் நீ அழுதாய், அவள் உன் முகத்தைத் துடைத்தாள், உடனே இரண்டு பேரும் சிரித்தீர்கள். நான் கதவைத் திறந்தேன். அவ்வளவுதான், இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு மண்ணைக் கிளற ஆரம்பித்துவிட்டீர்கள்.

"எப்படி இருந்துச்சு" என்று அவளிடம் கேட்டேன். "சொன்னாப் புரியாது" என்கிறாள். கடித்து ஆஸ்பத்திரியில் கிடந்தவன் நான், புரியாதாம். உன்னை பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று போனவள் பொழுது சாய்ந்துதான் வந்தாள். "என்னடி பேசினீங்க" என்றேன். "செடியைப் பத்தி" என்றாள். எந்தச் செடியைப் பற்றி அவ்வளவு நேரம் பேச முடியும்?

முன்பெல்லாம் அவளைப் பற்றி நீ என்னிடம் குறை சொல்வாய், உன்னைப் பற்றி அவள் சொல்வாள். இரண்டையும் கேட்டு நடுவில் உட்கார்ந்திருப்பேன். தலைவலிதான், ஆனால் எல்லாம் என் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒருத்தியும் ஒன்றும் சொல்வதில்லை. நேற்று உன் பேச்சை எடுத்து, "அவ கொஞ்சம் பிடிவாதக்காரிதான்" என்று சும்மா சொல்லிப் பார்த்தேன். "என் நாத்தனாரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

என்ன நடந்தது என்று எனக்கு எழுது. அவளுக்கு எழுதுகிற கடிதத்தின் கடைசியில் "அண்ணனைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று ஒரு வரி போடாதே. தனியாக ஒரு உறை வாங்கி, மேலே என் பெயரை எழுதி, எனக்கு எழுது.

உன் அண்ணன்